ஸ்பானிய மொழி நாடுகளில் கம்பெனி அமைப்பு: தொடங்குவது முதல் மூடுவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வாங்குபவரின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.எல்.’, ‘எஸ்.ஏ. தே சி.வி.’, ‘எஸ்.ஏ.எஸ்.’ என்று ஏதாவது இருந்தால், ‘நம்ம பிரைவேட் லிமிடெட் மாதிரிதான்’ என்று சொல்லிவிட்டு இன்வாய்ஸ் போட ஆரம்பித்துவிடுகிறோம். பாதி சரி. பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு நிற்கும் என்ற வரைக்கும் சரி. ஆனால் அந்தக் கம்பெனியின் பெயரில் யார் கையெழுத்துப் போடலாம், அது எதுவரை செல்லும், அதை எந்தக் காகிதம் நிரூபிக்கும் என்று கேட்டால், ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. பணம் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

அங்கே துணை நிறுவனம் தொடங்க நினைப்பவருக்கும், அங்குள்ள கம்பெனியோடு ஒப்பந்தம் போடப்போகிறவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா மூன்றையும் விரிவாகப் பார்க்கலாம். மற்றவற்றைத் தேவையான அளவு தொட்டுவிட்டுப் போகலாம்.

படி 1: நோட்டரி என்றால் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘ஸ்பானிய கம்பெனிச் சட்டம்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஸ்பெயினில் 2010-ஆம் ஆண்டின் மூலதன நிறுவனங்கள் சட்டம், மெக்சிகோவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம், அர்ஜென்டினாவில் 1972-இல் வந்த 19.550 எண் சட்டம், பெருவில் 1997-இல் வந்த 26887, கொலம்பியாவில் 2008-இன் 1258 என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். பொதுவாக இருப்பது ஒரு பழக்கம்: முக்கியமான எதுவும் நோட்டரி முன்னால் நடக்க வேண்டும், பிறகு வணிகப் பதிவகத்தில் ஏற வேண்டும்.

நம்மூர் கோர்ட்டு வாசலில் நாற்காலி போட்டு முத்திரை குத்தும் நோட்டரியை மனதில் வைத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். ஸ்பெயினில் நோட்டரி என்பவர் கடினமான போட்டித் தேர்வு எழுதி வந்த அரசு அதிகாரி, சட்டப் பட்டதாரி. வந்தவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா, ஆவணம் சட்டப்படி சரியா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. மூலப் பத்திரம் அவரிடமே இருக்கும். நம் கையில் கிடைப்பது அதன் அதிகாரபூர்வ நகல். இந்தியாவில் அமைச்சகத்தின் இணையதளத்தில் டிஜிட்டல் கையெழுத்தோடு கம்பெனி பிறந்துவிடுகிறது. அங்கே பல இடங்களில் அது இன்னும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பத்திரத்தை வாசிக்கக் கேட்ட பிறகுதான் பிறக்கிறது.

படி 2: கிளையா, துணை நிறுவனமா?

கிளை (சுகுர்சால்) தனி நிறுவனம் இல்லை. அது கடன் வாங்கினால் கடன்காரர் தாய்க் கம்பெனி. துணை நிறுவனம் (ஃபிலியால்) தனி ஆள். கிளைதான் எளிது, செலவு குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கொலம்பியாவில் இது தலைகீழ்: வெளிநாட்டுக் கம்பெனியின் கிளைக்கு, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ‘ரெவிசோர் ஃபிஸ்கால்’ என்ற சட்டபூர்வத் தணிக்கையாளர் கட்டாயம். எஸ்.ஏ.எஸ். (எளிமைப்படுத்திய பங்கு நிறுவனம்) வடிவில் துணை நிறுவனம் தொடங்கினால், சொத்தோ வருமானமோ குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்வரை அவர் தேவையில்லை. ஒரு கட்டுமான டெண்டரை மட்டும் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், தாய்க் கம்பெனியின் முன்அனுபவத்தைக் காட்ட வேண்டும் என்பது போன்ற காரணம் இருந்தாலொழிய, கிளையைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன்.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்பெயினில் நடைமுறையில் இரண்டுதான்: எஸ்.ஏ. (பங்கு நிறுவனம்), எஸ்.எல். (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்). முந்தையதற்குக் குறைந்தபட்ச மூலதனம் 60,000 யூரோ; தொடங்கும்போது அதில் கால்பங்கு கட்டியிருக்க வேண்டும். எஸ்.எல்.-க்கு முன்பு 3,000 யூரோ தேவைப்பட்டது. 2022-இல் வந்த சட்டம் அதை 1 யூரோவாக்கியது. ஒரு யூரோவில் கம்பெனி என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலதனமும் காப்பு நிதியும் சேர்ந்து 3,000-ஐ எட்டும்வரை ஒவ்வொரு ஆண்டும் லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்த நிதியில் போட வேண்டும். அதற்குள் கம்பெனி கலைந்து, கடனை அடைக்கச் சொத்து போதாமல் போனால், 3,000-க்கும் போட்ட முதலுக்கும் இடையிலான தொகைக்குப் பங்குதாரர்கள் கூட்டாகப் பொறுப்பு. எப்படியும் அந்த மூவாயிரம் உங்கள் தலையில்தான். அதை முதலிலேயே போட்டுவிட்டால் வங்கியும் சப்ளையரும் கொஞ்சம் மதிப்பார்கள்.

எஸ்.ஏ. என்றால் பெரிய கம்பெனி, எஸ்.எல். என்றால் சின்னக் கடை என்று கணக்குப் போட வேண்டாம். ஸாராவின் தாய்க் கம்பெனியான இண்டிடெக்ஸ் ஒரு எஸ்.ஏ.; 2001-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. சூப்பர்மார்க்கெட் நிறுவனம் மெர்க்கதோனாவும் எஸ்.ஏ.தான், ஆனால் சந்தையில் இல்லை. கூகுளின் ஸ்பெயின் நிறுவனமோ எஸ்.எல்.! உண்மையான வேறுபாடு பங்கு கைமாறும் விதத்தில் இருக்கிறது. எஸ்.எல்.-இன் பங்கை விற்க நோட்டரிப் பத்திரம் வேண்டும்; வெளியாளுக்கு விற்பதென்றால் மற்ற பங்குதாரர்களுக்கு முதல் உரிமை உண்டு. குடும்பக் கம்பெனிக்கும், தாய்க் கம்பெனி முழுக்கக் கையில் வைத்திருக்கும் துணை நிறுவனத்துக்கும் இது பொருத்தம். ஒரே பங்குதாரர் போதும், ஆனால் அது ‘ஊனிபெர்சொனால்’, அதாவது ஒருவர் கம்பெனி, என்று பதிவாக வேண்டும். பல பங்குதாரர் இருந்த கம்பெனி ஒருவர் கைக்கு வந்து, ஆறு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால், அந்தக் காலத்துக் கடன்களுக்கு அவர் வரம்பில்லாத பொறுப்பாளி ஆகிவிடுவார்.

பெயருக்குப் பின்னால் ‘எஸ். கோப்.’ என்று இருந்தால் அது கூட்டுறவு. பாஸ்க் பகுதியில் 1956-இல் ஒரு பாதிரியாரின் முயற்சியில் தொடங்கிய மோன்திராகோன் குழுமத்தின் ஆலைகள் பலவும் இந்த வகை. உரிமையாளர்கள் அங்கே வேலை செய்பவர்களே.

மெக்சிகோவுக்கு வருவோம். எஸ்.ஏ. தே சி.வி. தான் அங்கே எங்கும் கண்ணில் படும். ‘தே சி.வி.’ என்பது மாறும் மூலதனம். அமைப்புப் பத்திரத்தைத் திருத்தாமலே மாறும் பகுதியை ஏற்றலாம், இறக்கலாம். நோட்டரி செலவு மிச்சம் என்பதால் கிட்டத்தட்ட எல்லோரும் இதையே எடுக்கிறார்கள். பங்குதாரர் குறைந்தது இருவர் வேண்டும். அதனால்தான் பன்னாட்டுக் கம்பெனிகளின் மெக்சிகோ நிறுவனங்களில் ஒரு குழும நிறுவனம் ஒரே ஒரு பங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு பங்கும் மற்ற பங்குதாரர் கைக்கே போனால் அது கலைப்புக்கான காரணம்.

இரண்டாவது வடிவம் எஸ். தே ஆர்.எல்., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம். இதில் பங்குதாரர் 50 பேருக்கு மேல் போகக்கூடாது. அமெரிக்காவில் கம்பெனி வைத்து மெக்சிகோவுக்குள் போகிறவர்கள் இதை விரும்ப ஒரு வரிக் காரணம் இருக்கிறது. மெக்சிகோவின் எஸ்.ஏ.-யை அமெரிக்க வரிச் சட்டம் எப்போதும் தனி கார்ப்பரேஷனாகவே பார்க்கும், எஸ். தே ஆர்.எல்.-ஐ எப்படி வகைப்படுத்துவது என்று நாமே தேர்வு செய்யலாம். வெளி முதலீட்டாளரைச் சேர்க்கும் ஸ்டார்ட்அப்கள் ‘எஸ்.ஏ.பி.ஐ.’ (S.A.P.I.) எடுக்கும். பங்குச் சந்தையில் உள்ளவை ‘எஸ்.ஏ.பி.’ (S.A.B.): வால்மார்ட்டின் மெக்சிகோ நிறுவனம், கார்லோஸ் ஸ்லிம் குடும்பத்தின் அமெரிகா மோவில் ஆகியவற்றின் பெயரில் இதைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மெக்சிகோவிலும் 2016 முதல் ‘எஸ்.ஏ.எஸ்.’ உண்டு. இணையத்தில் தொடங்கலாம், ஒருவர் போதும். ஆனால் பங்குதாரர் தனி மனிதராக இருக்க வேண்டும். ஆண்டு வருமானத்துக்கும் உச்சவரம்பு. இந்தியக் கம்பெனி அதில் பங்குதாரராக முடியாது. கொலம்பியாவின் எஸ்.ஏ.எஸ்.-ஐப் பற்றிப் படித்துவிட்டு அதே நினைப்பில் மெக்சிகோவில் விண்ணப்பித்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும்.

கொலம்பியாவின் எஸ்.ஏ.எஸ். உண்மையிலேயே நல்ல சட்டம். 2008 டிசம்பரில் வந்தது. அதன் பின்னால் இருந்தவர் சட்டப் பேராசிரியர் ஃபிரான்சிஸ்கோ ரெயெஸ் வில்யமிசார். அதுவரை ஒரு எஸ்.ஏ. தொடங்க ஐந்து பங்குதாரர்களைத் தேட வேண்டும். லிமிதாதா (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) என்றால் இரண்டு பேர் போதும். ஆனால் ஊழியர் பாக்கிக்கும் வரி பாக்கிக்கும் பங்குதாரர் வீடுவரை வருவார்கள். எஸ்.ஏ.எஸ். இரண்டையும் ஒரே அடியில் தீர்த்தது. பங்குதாரர் ஒருவர் போதும். தனிப் பத்திரத்தில் எழுதி வணிக மன்றத்தில் (சேம்பர் ஆஃப் காமர்ஸ்) பதிந்தால் போதும். நிலம், வீடு போன்றதை முதலாகப் போட்டால் மட்டும் நோட்டரி. குறைந்தபட்ச மூலதனம் இல்லை. ஒப்புக்கொண்டதைக் கட்ட இரண்டு ஆண்டு அவகாசம். இயக்குநர் குழு கட்டாயமில்லை. ஊழியர் பாக்கி, வரி பாக்கி எதற்கும் பங்குதாரர் பொறுப்பில்லை. மோசடிக்காகக் கம்பெனியைப் பயன்படுத்தினால் மட்டும் நீதிமன்றம் கம்பெனி என்ற திரையை விலக்கிப் பங்குதாரரையே பிடிக்கும். அமெரிக்க நாடுகளின் அமைப்பு 2017-இல் இதைப் பின்பற்றி ஒரு மாதிரிச் சட்டமே வெளியிட்டது. உருகுவே 2019-இலும் எக்வடோர் 2020-இலும் இந்த வழிக்கு வந்தன.

மற்ற நாடுகள் சுருக்கமாக. சிலியில் எஸ்.பி.ஏ.; ஒருவர் போதும், 2013 முதல் ‘ஒரே நாளில் நிறுவனம்’ என்ற அரசு இணையதளத்திலேயே தொடங்கலாம். பெருவில் எஸ்.ஏ.சி.; பங்குதாரர் இரண்டு முதல் இருபது வரை, இயக்குநர் குழு விருப்பம், பொது மேலாளர் கட்டாயம். பனாமாவில் 1927-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஓடுகிறது. மூன்று இயக்குநர்களும், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் முகவராகவும் வேண்டும். அர்ஜென்டினாவில் எஸ்.ஏ.எஸ். 2017-இல் வந்தது; 2020-இல் புவெனஸ் ஐரெஸ் பதிவகம் கெடுபிடி செய்தது; 2024-இல் மீண்டும் தளர்த்தியது. ஆட்சி மாறினால் பதிவகத்தின் முகமும் மாறும் என்பதை அங்கே கணக்கில் வைக்க வேண்டும். இன்னொன்று: வெளிநாட்டுக் கம்பெனி அர்ஜென்டினாவில் பங்குதாரர் ஆவதற்கு முன்பு, தன்னையே அங்கே பதிந்துகொள்ள வேண்டும். இதற்கான நேரத்தைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் அதிகம்.

படி 4: கையெழுத்தை வடிவமையுங்கள்

மூலதனத்தைவிட இதற்கு நேரம் செலவழியுங்கள்.

ஸ்பெயினில் நிர்வாகத்துக்கு நான்கு வழி. ஒரே நிர்வாகி, தனித்தனியே கையெழுத்திடக்கூடிய பலர் (சொலிதாரியோஸ்), சேர்ந்தே கையெழுத்திட வேண்டியவர்கள் (மன்கொமுனாதோஸ்), குறைந்தது மூன்று பேர் கொண்ட இயக்குநர் குழு. சென்னையில் ஒருவர், பார்சிலோனாவில் ஒருவர் என்று இருவரை நியமிக்கிறீர்கள் என்று வையுங்கள். சொலிதாரியோஸ் என்றால் பார்சிலோனாக்காரர் நாளைக் காலையே தனியாகப் போய்க் கம்பெனியின் பெயரில் கடன் வாங்கலாம். மன்கொமுனாதோஸ் என்றால் ஒரு வாடகை ஒப்பந்தத்துக்குக்கூடச் சென்னைக்காரரின் கையெழுத்து வேண்டும்.

‘சரி, ஒருவரையே போட்டு, 50,000 யூரோவுக்கு மேல் கையெழுத்திடக் கூடாது என்று விதிகளில் எழுதிவிடலாமே’ என்று தோன்றும். எழுதலாம். ஆனால் நிர்வாகியின் பிரதிநிதித்துவ அதிகாரத்தின் மீது போடும் இத்தகைய வரம்பு, பதிவகத்திலேயே ஏறியிருந்தாலும், வெளியாரைக் கட்டுப்படுத்தாது என்று ஸ்பெயின் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அவர் 5 லட்சத்துக்குக் கையெழுத்திட்டால் கம்பெனி கட்டுப்பட்டது. பிறகு அவர்மேல் வழக்குப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். வரம்போடு ஒருவரை வைக்க வேண்டுமென்றால் அவரை நிர்வாகி ஆக்காமல், நோட்டரியிடம் எழுதிய அதிகாரப் பத்திரம் (போதெர்) கொடுத்து ‘அப்போதெராதோ’ ஆக்குங்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவர் எல்லை.

கொலம்பியாவில் இது வேறு மாதிரி. சட்டப் பிரதிநிதியின் அதிகாரத்துக்கு விதிகளில் வரம்பு வைத்து அதைப் பதிந்திருந்தால், அது வெளியாரையும் கட்டுப்படுத்தும். வணிக மன்றம் தரும் ‘இருப்பு மற்றும் சட்டப் பிரதிநிதித்துவச் சான்றிதழில்’ அந்த வரம்பு அச்சாகியிருக்கும். படிக்காமல் ஒப்பந்தம் போட்டவர், ‘எனக்குத் தெரியாது’ என்று பிறகு சொல்ல முடியாது.

மெக்சிகோவில் அதிகாரங்களுக்கு ஒரு படிவரிசை உண்டு. வழக்குக்கும் வசூலுக்குமான அதிகாரம் கீழ்ப்படி. நிர்வாகச் செயல்களுக்கானது நடுப்படி. சொத்தை விற்கவும் அடமானம் வைக்கவுமான உரிமைச் செயல்களுக்கானது மேல்படி. நடுப்படி வைத்திருப்பவர் ஊழியரை எடுப்பார், சப்ளையரோடு ஒப்பந்தம் போடுவார். கம்பெனியின் கிடங்கை விற்க முடியாது. இந்த மூன்றுக்கும் வெளியே, செக்கும் பிராமிசரி நோட்டும் எழுதத் தனியாக ஓர் அதிகாரம் எழுதியிருக்க வேண்டும். ‘ஜெனரல் மேனேஜர்’ என்று விசிட்டிங் கார்டில் போட்டிருப்பதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. அவரிடம் ‘உங்கள் போதெரைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அங்கே யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்காதவரைத்தான் புதியவர் என்று நினைப்பார்கள்.

திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்புகிறவர் பெரிய ஆர்டரைத் தொடுவதற்கு முன்பு, ஸ்பெயின் வாங்குபவரின் ‘நோத்தா சிம்ப்ளே’ என்ற சுருக்கப் பதிவை வணிகப் பதிவகத்தின் இணையதளத்தில் பணம் கட்டி எடுக்கலாம். நிர்வாகி யார், பதவிக்காலம் முடிந்ததா, பதிவுப் பக்கம் மூடப்பட்டிருக்கிறதா என்பது அதில் தெரியும். எஸ்.ஏ.-யில் நிர்வாகியின் பதவிக்காலம் அதிகபட்சம் ஆறு ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். பெருவில் இதே வேலையைச் செய்வது பொதுப் பதிவகம் தரும் ‘விஹென்சியா தே போதெர்’ என்ற சான்று.

படி 5: இங்கிருந்து போகும் காகிதங்கள்

தாமதம் பெரும்பாலும் அங்கே ஆவதில்லை, இங்கேதான் ஆகிறது. இந்தியத் தாய்க் கம்பெனியின் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், துணை நிறுவனம் தொடங்குவதற்கான இயக்குநர் குழுத் தீர்மானம், அங்கே கையெழுத்திடப்போகிறவருக்கான அதிகாரப் பத்திரம் ஆகியவை வேண்டும். வணிக ஆவணங்கள் வர்த்தக சபை வழியாகச் சான்று பெற்று, வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். இந்தியா 2005 முதல் இந்த முத்திரையை ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறது. இங்கே பேசிய முக்கிய நாடுகளும் இருக்கின்றன. எனவே தூதரக முத்திரை தேவையில்லை. பிறகு அந்தந்த நாடு ஏற்கும் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஸ்பானிய மொழியில் பெயர்க்க வேண்டும்.

தீர்மானத்தில் நபரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். இனிஷியல் விவகாரம் நமக்குப் பழக்கம். ஸ்பானிய உலகில் பெரும்பாலோருக்கு இரண்டு குடும்பப் பெயர் இருப்பதால், ஒரே ஒரு சொல்லோடு நிற்கும் தமிழ்ப் பெயர் அவர்களுடைய படிவத்தைத் திணறடிக்கும். எல்லா ஆவணத்திலும் ஒரே வடிவம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஸ்பெயினில் பங்குதாரராகவோ நிர்வாகியாகவோ வரும் ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் என்.ஐ.இ. என்ற வெளிநாட்டவர் அடையாள எண் வேண்டும். அதற்கு முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 6: பெயர், பத்திரம், பதிவு, வரி எண்

ஸ்பெயினின் வரிசை இது. மத்திய வணிகப் பதிவகத்தில் ஐந்து பெயர்வரை விருப்ப வரிசையில் கொடுக்கலாம். கிடைத்த பெயர் ஆறு மாதம் உங்களுடையது. ஆனால் சான்றிதழை மூன்று மாதத்துக்குள் நோட்டரியிடம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு கெடுவையும் குழப்பிக்கொண்டு, காலாவதியான தாளோடு நிற்பவர்கள் உண்டு. அடுத்து மூலதனம் கட்டியதற்கு வங்கிச் சான்று, எஸ்.எல்.-இல் அதற்குப் பதிலாக நிறுவனர்கள் கூட்டாகப் பொறுப்பேற்கும் வாசகத்தைப் பத்திரத்தில் சேர்த்தும் சமாளிக்கலாம். நோட்டரி நாளன்று உண்மையான உரிமையாளர் யார் என்ற அறிக்கையும் கேட்பார்கள். தாய்க் கம்பெனிக்குப் பின்னால் 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் மனிதர்களின் பெயர் கையில் இருக்கட்டும். பத்திரம் முடிந்ததும் தற்காலிக வரி எண், மாகாண வணிகப் பதிவகத்தில் பதிவு, பிறகு நிரந்தர எண். எஸ்.ஏ.-யின் எண் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும், எஸ்.எல்.-இன் எண் ‘பி’யில். இன்வாய்ஸில் பெயரும் எழுத்தும் பொருந்தாவிட்டால் உடனே கேளுங்கள்.

மெக்சிகோவில் பெயர் அனுமதி பொருளாதார அமைச்சகத்திடம், பத்திரம் நோட்டரி அல்லது ‘கொர்ரெதோர் பூப்ளிகோ’விடம், பிறகு வணிகப் பதிவும், வரித்துறையான ‘சாட்’டில் ஆர்.எஃப்.சி. என்ற வரி எண்ணும், மின் கையெழுத்தும். மின் கையெழுத்து இல்லாமல் இன்வாய்ஸ் போட முடியாது. அதை வாங்கச் சட்டப் பிரதிநிதி நேரில் வரித்துறை அலுவலகம் போக வேண்டும். எனவே அந்தப் பிரதிநிதி சென்னையில் இருப்பவராக இருந்தால் வேலை நடக்காது. வெளிநாட்டு முதலீடு இருந்தால் தேசிய வெளிநாட்டு முதலீட்டுப் பதிவேட்டிலும் ஏற வேண்டும்.

கொலம்பியாவில் வணிக மன்றமும் வரித்துறையும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் முடிந்துவிடும். கவனிக்க வேண்டியது பணம் உள்ளே வரும் வழி. முதலீட்டுத் தொகை வங்கி வழியாக, வெளிநாட்டு முதலீடு என்ற விவரத்தோடு வந்து மத்திய வங்கியில் பதிவாக வேண்டும். சாதாரணப் பணப் பரிமாற்றம் போல அனுப்பிவிட்டால், பின்னாளில் லாப ஈவை வெளியே எடுக்கும்போது தலைவலி.

வங்கிக் கணக்குக்கு எல்லா நாட்டிலும் பொறுமை வேண்டும்.

படி 7: ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியவை

கம்பெனி வரியின் பொது விகிதம் ஸ்பெயினில் 25 சதவீதம். தகுதி பெறும் புதிய நிறுவனத்துக்கு லாபம் வரும் முதல் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் 15. மெக்சிகோவில் 30, கொலம்பியாவில் 35. மெக்சிகோவில் இதற்கு மேல் ஒன்று உண்டு: லாபத்தில் 10 சதவீதம் ஊழியர்களுக்குப் பங்கிட வேண்டும். விலை நிர்ணயிக்கும் எக்செல் தாளில் இதை விட்டுவிட்டுப் பின்னால் விழிப்பவர்கள் உண்டு. ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, சிலி, உருகுவே ஆகியவற்றோடு இந்தியாவுக்கு இரட்டை வரி விலக்கு ஒப்பந்தம் இருக்கிறது.

ஸ்பெயினில் ஆண்டுக் கணக்கை ஆறு மாதத்துக்குள் பொதுக்கூட்டம் ஏற்று, அடுத்த ஒரு மாதத்துக்குள் பதிவகத்தில் வைக்க வேண்டும். வைக்காமல் ஓராண்டு போனால் பதிவுப் பக்கம் மூடப்படும்; புதிய அதிகாரப் பத்திரம் எதையும் ஏற்ற முடியாது. மெக்சிகோவில் பொதுக்கூட்டத்துக்கு நான்கு மாதம்தான். கொலம்பியாவில் வணிகப் பதிவை மார்ச் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும்.

படி 8: நஷ்டம் வந்தால், மூட வேண்டியிருந்தால்

‘லிமிடெட்’ என்ற நம்பிக்கையில் இருப்பவர்கள் ஸ்பெயின் சட்டத்தின் ஒரு பகுதியை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நஷ்டத்தால் நிகர மதிப்பு மூலதனத்தில் பாதிக்குக் கீழே போய்விட்டால், நிர்வாகி இரண்டு மாதத்துக்குள் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். மூலதனத்தைச் சரிசெய்வதா, கலைப்பதா என்று அது முடிவெடுக்கும். கூட்டாவிட்டால், அதற்குப் பிறகு வரும் கடன்களுக்கு நிர்வாகி சொந்தச் சொத்திலிருந்து பதில் சொல்ல வேண்டும். முதல் போட்டவர் தப்பிவிடுவார். பெயருக்கு நிர்வாகியாகக் கையெழுத்திட்ட மேலாளர் மாட்டிக்கொள்வார். நண்பருக்காக ‘சும்மா பெயர் கொடுத்த’ தமிழ்ப் பிள்ளைகள் மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்கு அனுப்புங்கள். மெக்சிகோவில் மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கு போனால் அது கலைப்புக்குக் காரணம். கொலம்பியா 2020-இன் இறுதியில் இந்தக் கணக்கையே மாற்றி, தொழில் தொடர்ந்து நடக்கக்கூடியதா என்பதை அளவுகோலாக்கியது.

மூடுவதற்கு மூன்று கட்டம்: கலைப்புத் தீர்மானம், கடனை அடைத்துச் சொத்தைப் பிரிப்பது, பதிவிலிருந்து நீக்கம். ‘வியாபாரம் நின்றுவிட்டது, அப்படியே விட்டுவிடலாம்’ என்று நினைத்தால், செயல்படாத கம்பெனிக்கும் கணக்குத் தாக்கல் செய்யும் கடமை ஓடிக்கொண்டே இருக்கும். நீக்கப் பத்திரத்தின் நகல் கைக்கு வந்த பிறகு, கொடுத்திருந்த அதிகாரப் பத்திரங்களின் அதிகாரபூர்வ நகல்களையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.